கப்பலேறியவர் கரையிறங்கவில்லை

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31ஆம் தேதி, ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் இருக்கையில், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பலில், நான்கு நாள் பிரயாணத்தின் கடைசி நாளன்று கண்விழித்த ஓர் இந்தியப் பெரியவர், அறையில் தம் மனைவியைக் காணாமல், கப்பல் முழுவதும் தேடிச் சலித்து, முடிவில் சிப்பந்திகளிடம் முறையிட்டார். சிங்கப்பூர் ஜலசந்தியைக் கடக்கும்போது கப்பலிலிருந்து ஏதோ ஒன்று நீரில் விழுந்ததாக அங்குள்ள எச்சரிக்கைக் கருவி தெரிவித்திருக்கிறது என்றும், அந்த அம்மையார் கடலில் குதித்திருக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. அவர்களுடைய மகனோ, குதித்தார் என்று சொல்கிறார்களே தவிர, அதற்குச் சாட்சியான படப்பதிவு எதையும் காட்டவில்லையே என்று சமூக வலைத்தளத்தில் உலகறிய முறையிட்டு, பிரதம மந்திரியையும் வெளியுறவு அமைச்சரையும் உதவிக்கு அழைத்தார். சிங்கப்பூரிலுள்ள இந்திய ஹைகமிஷன் தலையிட்ட பிறகு படப்பதிவு குடும்பத்தாருக்குக் காட்டப்பட்டது. அதைப் பார்த்த மகன், தம் தாயார் காலமாகிவிட்டார் என்று அறிவித்தார்.

முறையீட்டுக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே கழிந்த சொற்பப் பொழுதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். இவ்வகைச் சம்பவங்களில் கிளம்பும் ஊகங்களுக்கு ஏறக்குறைய மாறாத ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதல் சந்தேகம் எப்போதும் உடன் பிரயாணம் செய்தவர் மீது விழும். அது கணவனாயிருந்தால் ஐயமே வேண்டாம். அடுத்தது கப்பல் சிப்பந்திகளின் மீது. அதற்கடுத்து, விழவேயில்லை, முந்தின துறைமுகத்திலேயே கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்னும் கட்சி தலைதூக்கும். கடைசியில், தூங்கி எழுந்தவன் கண்டுபிடித்தாற்போல, இன்ஷூரன்ஸ் பணம் எவ்வளவு என்று ஒருவர் கேட்பார். மனைவியை இழந்து அந்நிய தேசத்தில் அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவர் உண்டு என்பதும், இந்த எழுத்துகளையெல்லாம் அவருடைய பிள்ளைகள் படிப்பார்கள் என்பதும் இந்தத் துப்பறியும் மேதைகளுக்குத் தோன்றுவதில்லை.

நான் இதை எழுதுவது குத்தாலத்திலிருந்து. குத்தாலம் என்றவுடன் அருவியை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தென்காசிப் பக்கத்துக் குற்றாலம் வேறு, நான் சொல்வது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே காவிரியின் தென்கரையில் அமைந்த, தேவாரம் திருத்துருத்தி என்று பாடிய, சுந்தரர் தீர்த்தமாடி உடற்பிணி நீங்கியதாகப் புராணம் சொல்லும் ஊர். இங்கிருந்து கடல் தெரியாது. தெரிவதெல்லாம் வயலும் வாய்க்காலும், நடவுக்குக் காத்திருக்கும் நாற்றங்காலுமே. ஆயினும் சிங்கப்பூர் ஜலசந்தியில் நடந்த ஒரு விஷயம் அன்று மாலையே இவ்வூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரிலுள்ள டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதில் ஆச்சரியமில்லை. இத்தாலுகாவில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஓர் ஆளை அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. தேரழுந்தூரிலும் நீடூரிலும் அந்தத் தொடர்பு பல தலைமுறைப் பழமையுடையது.

அன்று அந்தக் கடையில் நான் கேட்ட சம்பாஷணையை இங்கே குறிப்பது பொருத்தமாகும். சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர், மற்றவர்களுடைய வற்புறுத்தலின்பேரில் தம் அநுபவத்தைச் சொன்னார். “பாசஞ்சர் கப்பல்ல கைப்பிடிக் கம்பி நெஞ்சு ஒசரம் இருக்கும்ணே. சும்மா நிக்கிறப்ப காத்தடிச்சு விழுந்துட்டாங்கங்கிறதெல்லாம் நடக்காது.” அவர் சொன்னது முழு உண்மை. அவ்வளவில் நிறுத்திக்கொண்டு டீயைக் குடிக்கலானார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “அப்ப தள்ளித்தான் விட்டிருக்கணும்” என்றார், பெஞ்சியின் மறுகோடியிலிருந்தவர், “யாரு தள்ளுவா? கூட இருந்தவன்தான்” என்றார். இரண்டு டீ ஆறுவதற்குள் ஒரு குற்றப்பத்திரிகை தயாராகி, குற்றவாளியும் தீர்மானமாகிவிட்டார். வலைத்தளங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடிச் செய்ததும் இதே வேலைதான். அஸ்திவாரத்தில் மட்டும் ஓர் உண்மையை வைத்து, அதன்மேல் எழுப்பும் சுவரெல்லாம் அனுமானத்தால் எழுப்புவது.

அந்தக் கப்பல் வந்த வழி தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குப் புதிய வழியல்ல. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கி, அல்லது சிங்கப்பூர் வரை போய், ரப்பர்த் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் கடை கண்ணியிலும் உழைக்கச் சென்ற நம்மவர்களுடைய வழி அது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல், ஆரம்ப நாட்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஒரே நடையில் ஏற்றிச்செல்ல அநுமதி பெற்றிருந்தது என்றால், அந்தத் தளத்தில் மனிதர்கள் எவ்விதம் கிடந்திருப்பார்கள் என்பதை யூகித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அறையில்லை, பாயும் டிரங்குப் பெட்டியும் வைத்த இடமே அறை. கங்காணி தலையை எண்ணி ஏற்றுவார். பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் குவாரண்டைன் வைத்து மறுபடியும் எண்ணுவார்கள். சுமார் ஒரு வார காலம் நடுக்கடலில் கழியும். எழுபதுகளில் ரஜுலா ஓய்வு பெற்றது. பிறகு வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலரைப் பலிகொண்டதோடு, அந்தத் தலைமுறையின் கப்பல் யாத்திரை ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. இன்றைய உல்லாசக் கப்பலிலோ நாலாயிரம் பேருக்கு மேல், ஒவ்வொருவருக்கும் கட்டிலும் குளிர்பதனமும் கதவுக்கு மின்சாவியும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்தே ‘கார்டேலியா’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டபோது, அதன் சூதாட்ட அறையைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பிப் பிரயாணிகள் அங்கே இறங்க முடியாமற்போனது நினைவிருக்கலாம்.

பழைய கப்பல்களில் போனவர்களிலும் திரும்பாதவர்கள் உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில், “கப்பலேறிப் போனான், கடுதாசி இல்லை” என்பது ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை முழுமையாகச் சொல்லி முடிக்கும் வாக்கியமாக இருந்தது. குறிப்பாக 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரம் ரயில் பாதை போட்டபோது, மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளைக் கொண்டுபோய், காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாக்கினார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்களைப் பற்றி ஊகம் செய்ய உலகத்தில் யாரும் கூடவில்லை. ஊரில் இருந்த மனைவி மட்டும், பூவையும் பொட்டையும் எடுப்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வியோடு பல ஆண்டுகளைக் கழித்தாள்.

வம்பு அந்தக் காலத்திலும் இருந்தது. மனிதர்கள் இருக்குமிடத்தில் அதற்குக் குறைவேது! ‘அங்கே ஒரு சயாம்காரியைக் கட்டிக்கொண்டானாம்’ என்பார்கள்; ‘நேதாஜியின் பட்டாளத்தில் சேர்ந்து பெரிய உத்தியோகத்தில் இருக்கிறானாம்’ என்பார்கள். நேதாஜியே 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைஹோக்குவில் நேர்ந்த விமான விபத்தில் காலமானார் என்பதை ஒப்பாமல், அவர் உயிருடனிருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவர் மேடைதோறும் முழங்கிவந்ததும், 1956இல் ஷா நவாஸ் கமிட்டி, 1970இல் கோஸ்லா கமிஷன், 1999இல் முகர்ஜி கமிஷன் என்று அரசாங்கம் மூன்று தடவை விசாரணை நடத்தியதும் நாடறிந்த விஷயம். ஆகவே, ஊகத்தை இன்றைய கைப்பேசிதான் பெற்றெடுத்தது என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் கிராமத்து வம்புக்கு இருந்த ஒரு கட்டுத்திட்டம் இன்று காணாமற்போய்விட்டது. வம்பு பேசியவன் மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் காவிரிக்குக் குளிக்கப் போகவேண்டும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அவன் பந்தலில் நிற்கவேண்டும். சாவுக்குத் தோள் கொடுக்கவேண்டும். ஆகையால் அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்; அந்த வீட்டுப் பெண்பிள்ளை வருவதைக் கண்டால் பேச்சை மாற்றினான். பொய் சொன்னவன், பொய்யென்று தெரிந்த அன்று, ஊருக்குள் தலைகுனிந்து நடக்க நேர்ந்தது. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கிழவரைக் கொலைகாரர் என்று எழுதுகிறவனுக்கு அவருடைய வாசலைக் கடக்கும் நிர்ப்பந்தம் இல்லை.

பிரயாணக் கப்பலிலிருந்து மறைந்தவர்களில் மிகப் பிரசித்தமானவருடைய பெயரை நம் டெல்டா விவசாயிகள் தினந்தோறும் உச்சரிக்கிறார்கள். மேட்டூரில் தண்ணீர் குறைந்து, வாய்க்கால் வற்றி, கரண்டும் நின்றுபோன வேளையில், வயலோரத்துக் கீற்றுக் கொட்டகையிலிருந்து ஆயில் இன்ஜின் தடதடவென்று கிளம்பும் ஓசையைக் கேளாதவர் இப்பக்கத்தில் இருக்கமுடியாது. ஹேண்டிலை மாட்டி, இரண்டு கையாலும் விசையாகச் சுற்றி, கனத்த சக்கரம் வேகம் பிடித்தவுடன் மேலுள்ள நெம்பை விட்டால், உள்ளே அடைபட்ட காற்று நெருக்கத்தினாலேயே சூடேறி, எண்ணெயைத் தன்னால் பற்றவைக்கிறது. தீப்பொறி ஊட்டும் பிளக் அதற்கு வேண்டியதில்லை. இந்தச் சூட்சுமத்தைக் கண்டவர் ருடால்ஃப் டீசல். 1897இல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக ஓடியது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அதைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். தேரழுந்தூர் சாலையில் இன்ஜின் ரிப்பேர் செய்யும் ஒரு முதியவரிடம், இது ஒரு மனிதருடைய பெயர் என்று நான் சொன்னபோது, நாஸிலைத் துடைத்துக்கொண்டே, “அவருக்கு என்ன ஆச்சு தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் உலகம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

1913 செப்டம்பர் 29ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் புறப்பட்ட ‘டிரெஸ்டன்’ என்னும் கப்பலில், இரண்டு நண்பர்களோடு டீசல் ஏறினார். மூவரும் சேர்ந்து இராப்போஜனம் செய்தார்கள். பத்து மணியளவில், காலை ஆறேகாலுக்குத் தம்மை எழுப்பும்படி சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார். பொழுது விடிந்து கதவைத் தட்டியபோது அறையில் ஆளில்லை. படுக்கை கலையவில்லை; இரவு அங்கி மடித்தபடி எடுத்து வைத்திருந்தது; கைக்கடிகாரம் படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் பின்தளத்துக் கம்பியருகே, கோட்டு ஒழுங்காக மடிக்கப்பட்டு, கிடந்தன. பத்து நாள் கழித்து, ஒரு டச்சுப் படகினர் கடலில் மிதந்த ஒரு பிரேதத்தைக் கண்டு, அதன் சட்டைப் பைகளிலிருந்த மாத்திரைப் பெட்டி, பேனாக் கத்தி, மூக்குக் கண்ணாடிக் கூடு முதலியவற்றை எடுத்துக்கொண்டு, உடலை மறுபடியும் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சாமான்கள் தம் தகப்பனாருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். புறப்படுமுன் மனைவியிடம், ஒரு வாரம் கழித்துத் திறக்கும்படி சொல்லி அவர் கொடுத்திருந்த பையில் பெருந்தொகையான ரொக்கமும், பாங்குக் கணக்குகள் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டதைக் காட்டும் காகிதங்களும் இருந்தன. டயரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிறு சிலுவைக்குறி.

இத்தனை அடையாளங்களும் ஒரு திசையைத்தான் காட்டுகின்றன என்று சாதாரண புத்திக்குத் தோன்றும். ஆயினும் அன்றையப் பத்திரிகைகளுக்கு அது ருசிக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பல் இன்ஜினின் ரகசியத்தைப் பிரிட்டனுக்கு விற்பதைத் தடுக்க ஜெர்மானிய ஒற்றர்கள் தள்ளிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. தங்கள் வியாபாரம் கெடுமென்று அஞ்சிய எண்ணெய் முதலாளிகள் ஆள் வைத்துக் கொன்றார்கள் என்றது மற்றொரு கட்சி. நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், நம் ஜலசந்திச் சம்பவம் நடந்த அதே 2023இல், டக்ளஸ் பிரண்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு புத்தகமே எழுதி, டீசல் சாகவேயில்லை, பிரிட்டிஷ் அரசாங்கத்தோடு சேர்ந்து சாவை நடித்து மறைந்தார் என்று வாதாடியிருக்கிறார். சுவாரஸ்யமான புத்தகம்; எனக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. கடன்பட்டு நொந்த ஒரு மகா புத்திமான் நள்ளிரவில் கம்பியருகே நின்று கோட்டைக் கழற்றி மடிக்கும் காட்சியை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், ஒற்றர்களையும் சதிகாரர்களையும் ஒப்புக்கொள்வது நம் மனத்துக்கு எளிதாயிருக்கிறது. முன்னது நம்மையும் நம் வீட்டாரையும் பற்றிய கேள்விகளை எழுப்புகிறது, பின்னது எழுப்புவதில்லை. கப்பலிலிருந்து மறைகிற ஒவ்வொருவரைக் குறித்தும் சதிக்கதை பிறப்பதற்கு இதுவே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

டீசலின் காலத்தில் கப்பலில் கண்காணிப்புக் காமிரா இல்லை. இன்று நிலைமை வேறு. ஒருவர் விழுந்தார் என்று தெரிந்த மாத்திரத்தில் கப்பலில் என்ன நடக்கிறதென்றால், சில கம்பெனிகளின் கப்பல்களில் ஒலிபெருக்கியில் ‘ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர்’ என்று மும்முறை சொல்லுகிறார்கள். கடலோடிகளின் சங்கேதத்தில் ‘ஆஸ்கர்’ என வழங்கும் ‘ஓ’ என்னும் கொடி ஆள் விழுந்ததைக் குறிப்பதாகும். விழுந்த இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, கப்பலின் முகம் சுமார் அறுபது பாகை விலகியவுடன் மறுபக்கம் முழுவதும் திருப்பினால், அது வட்டமடித்துத் தான் வந்த தடத்துக்கே எதிர்முகமாக வந்து சேரும். வில்லியம்சன் திருப்பம் என்று இதற்குப் பெயர். ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலை இவ்விதம் திருப்புவதற்குள் எவ்வளவோ நேரம் கடந்துவிடும். விழுந்ததே நெடுநேரம் தெரியாமல், மறுநாள் காலை ஆளைக் காணோமென்று தேடிய பிறகு தெரியவருமானால், திருப்பியும் பயனில்லை. 2009 முதல் 2019 வரை உல்லாசக் கப்பல்களிலிருந்து பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 212 பேர் கடலில் விழுந்ததாகவும், அவர்களில் 48 பேரே மீட்கப்பட்டதாகவும் கப்பல் கம்பெனிகளின் சங்கத்துக்காகத் தயாரித்த கணக்கே கூறுகிறது. அந்தக் கப்பல்களில் பிரயாணம் செய்த கோடிக்கணக்கான ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில், தம்மவர்களைக் கப்பலில் இழந்த குடும்பத்தார் கூடிப் போராடியதன் விளைவாக 2010இல் ஒரு சட்டம் வந்தது. கைப்பிடிக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அறைக் கதவுகளில் வெளியாளைப் பார்க்கும் துவாரம் இருக்கவேண்டும், ஆள் விழுந்தால் படம் பிடிக்கவோ உடனே கண்டறியவோ கருவி இருக்கவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. ஆனால் அந்தக் கடைசி விதியில், ‘அத்தகைய கருவி கிடைக்கும் அளவுக்கு’ என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு அநேக கப்பல்கள் வருஷக்கணக்கில் தப்பித்துக்கொண்டன. தவிரவும், அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடாத கப்பலுக்கு இந்தச் சட்டம் செல்லாது. நடுக்கடலில் கப்பல் எந்தத் தேசத்தின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்தத் தேசத்தின் ஆட்சியே அதில் நடக்கும் என்பது சர்வதேச விதி. அந்தக் கொடியோ பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற தேசங்களினுடையது. மும்பையிலோ குத்தாலத்திலோ இருக்கும் ஒரு மகன் பஹாமாஸ் போலீஸை எப்படித் தேடிப்போவான்? அவன் கையிலுள்ள கைப்பேசிதான் அவனுக்குக் கச்சேரி, அதில் முறையிடுகிறான். முறையீட்டைப் படித்தவர்களெல்லாரும் தங்களைச் சாட்சியாகவும் நீதிபதியாகவும் நியமித்துக்கொள்கிறார்கள்.

ஆகையால் ஊகக்காரர்களை மட்டும் நிந்தித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. படப்பதிவு கப்பலின் கையில் இருந்தது. அதைக் காட்டுவதற்கு வக்கீல்களின் யோசனையும் விசாரணையின் ஒழுங்கும் தடையாயிருந்திருக்கலாம். துயரமான காட்சியை ஊரறிய வெளியிடும்படி யாரும் கேட்கவில்லை. கணவருக்கும் மகனுக்கும் ஒரு தனியறையில் காட்டியிருந்தால் போதும். காட்டியவுடன் குடும்பத்தின் சந்தேகம் தீர்ந்தது என்பதை அந்த மகனுடைய அறிவிப்பே நிரூபித்தது. உண்மை கைவசம் உள்ளவன் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பொய்க்கு வாடகையின்றிக் கொடுக்கும் வீடாகும்.

படப்பதிவே இல்லாதபோது நேர்வதற்கு 1998 மார்ச்சில் கரீபியன் கடலில், குரஸாவ் தீவை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் உல்லாசக் கப்பலிலிருந்து அதிகாலையில் மறைந்த அமெரிக்க யுவதியின் விஷயம் சாட்சி. தகப்பனார் பால்கனி நாற்காலியில் அவளைக் கண்டு, மறுபடி கண்விழித்துப் பார்ப்பதற்குள் அவள் அங்கில்லை. அதன் பிறகு கடற்கரையில் கண்டேன், விடுதியில் கண்டேன், அங்காடியில் கண்டேன் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மின்னஞ்சலில் யாரோ ஒரு பெண்ணின் படம் வந்தது. தகவல் தருவோருக்கு எஃப்.பி.ஐ. வெகுமதி அறிவித்தது; 2010இல் நீதிமன்றம் அவள் இறந்ததாகத் தீர்மானித்த பிறகும், 2025இல் நெட்ஃபிளிக்ஸ் அவளைப் பற்றித் தொடர் வெளியிட்டு, ஊகத்துக்குப் புத்துயிர் அளித்தது. ஒவ்வொரு ‘கண்டேன்’ என்ற சொல்லும் அந்தப் பெற்றோரை மறுபடியும் நம்பவைத்து மறுபடியும் வீழ்த்தியிருக்கும். தமக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்பதை மறைத்து, உதவி செய்வதாக நினைத்துக்கொள்வோருடைய கருணை, சில சமயம் பகையைவிடக் கொடியது.

நம் ஊரில் இப்படி ஒருவர் மறைந்தால், காரியங்கள் எவ்வாறு நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைதிக வழக்கத்தில், காணாமற்போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, அதன் பிறகு தர்ப்பையாலோ பலாச இலையாலோ ஓர் உருவம் செய்து, அதற்குத் தகனம் முதலிய கிரியைகளைச் செய்வார்கள். சர்க்கார் சட்டம் அவ்வளவு பொறுமையுடையதல்ல. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுக் காலம் எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்கவேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 111ஆவது பிரிவாக அப்படியே இடம்பெற்றிருக்கிறது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் காணாமற்போன கன்னியாகுமரி மீனவர்களுடைய குடும்பங்களுக்கு, இந்த ஏழாண்டைப் பாராமல் அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. புயல் ஊரறிந்த சாட்சி. ஒரு தனி மனிதர் ஒரு விடியற்காலையில் மறைந்தால் அத்தகைய சாட்சி ஏது?

எனவே முதலில் போலீஸில் எழுதிவைக்கவேண்டும். ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று அவர்கள் தரும் சான்றிதழை வாங்கவேண்டும். ஏழாண்டு கழிந்தபின் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, எதிர்ப்பார் யாருமில்லையென்றால் தீர்ப்புப் பெறவேண்டும். அதன் பிறகே மரணச் சான்றிதழும், பட்டா மாற்றமும், பாங்குப் பணமும். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஏழாண்டு கழிந்தபின் மரணம் என்று அனுமானிக்கலாமே தவிர, அது எந்தத் தேதியில் நேர்ந்தது என்பதைச் சட்டம் அனுமானிப்பதில்லை என்றும், மறைந்த நாளிலேயே இறந்தார் என்று கொள்வதற்கில்லை என்றும் எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2004இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பாலிசி காலாவதியாகாமல் இருக்க வேண்டுமானால், தன் கணவன் கடலில் போய்விட்டான் என்று மனத்துக்குள் தீர்மானமாக அறிந்த ஒரு பெண், ஏழாண்டுக் காலமும், அவன் பெயரில், தவணை தவறாமல் பிரீமியம் கட்டிவர வேண்டும்.